ரெக்கார்டிங் ஓடுது, அத்தை

சென்ற வாரம் நம் ஆறாம் ஆண்டு வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் கடைசி வீட்டுக்காரி ஒரு கேள்வி கேட்டாள். "நம்ம பாட்காஸ்ட் யார்கிட்டயாவது இருக்கா? எங்க வீட்டுல வச்சு எடுத்தோமே, அது. அம்மா கேக்கணுமாம்." நீங்கள் எல்லோரும் சட்டென்று பதில் போட்டுவிட்டீர்கள். ஒருத்தன் அழுகிற பொம்மை போட்டான். ஒருத்தி, "ஐயோ, அந்த லேண்ட் ரோவர் சத்தம் லா!" என்றாள். இன்னொருவன், "எடிட்டர்கிட்டதான் இருக்கும், அவனக் கேளு" என்று என்னைக் கைகாட்டினான். நான் படித்துவிட்டேன் என்பதை நீலக் கோடுகள் காட்டிக்கொடுத்திருக்கும். ஆனால் நான் பதில் போடவில்லை.

நம் வயதில் ஒருவன் உட்கார்ந்து பழைய கதை எழுதினால் சிரிப்பார்கள் என்று தெரியும். தலையில் ஒரு நரை இல்லை. பயிற்சி ஆசிரியராகப் போகும் பள்ளியில் காவலாளி என்னை மாணவன் என்று நினைத்து வாசலிலேயே நிறுத்திவிட்டார். ஆனாலும் அந்த ஒரு வருஷம் மட்டும் எனக்குள் எப்போதோ கிழடு தட்டிவிட்டது. குழுவில் போட நீளம் என்பதால் தனியாக எழுதுகிறேன். படித்துவிட்டுத் திட்ட வேண்டுமென்றால் திட்டுங்கள்.

கடைசி வீட்டுக்காரி என்று ஏன் கூப்பிட்டோம் என்பது உங்களுக்குத் தெரியும், வெளியாருக்குத் தெரியாது. நம் தேயிலைத் தோட்டத்து லைனில் ஒரே தகரக் கூரையின் கீழ் வீடுகள் வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தன. ஒரு முனையில் கோயில். மறு முனையில் அவள் வீடு. அதற்கப்பால் சரிவும் தேயிலையும்தான். அவள் வீட்டுக்கு முந்திய வீடு எங்களுடையது. நடுச்சுவர் பலகை என்பதால் அவள் அண்ணன் இருமினால் என் அம்மா இங்கிருந்தபடியே, "சுடுதண்ணி குடிடா" என்பார்.

அந்த வருஷம்தான் டீச்சர் வந்தார். கீழே கெடா மாநிலத்து வெயிலில் வளர்ந்தவர். நம் குளிருக்குச் செருப்புக்குள் சிவப்புக் காலுறை போட்டுக்கொண்டு வகுப்புக்கு வந்தார். நாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். "சிரிங்க, சிரிங்க. உங்களுக்கெல்லாம் ஆண்டவன் தோலுக்குப் பதிலா கம்பளிய வச்சுத் தச்சிருக்கான்" என்றார்.

ஒருநாள் பலகையில் 'வலையொலி' என்று எழுதினார்.

"ரேடியோவா டீச்சர்?"

"ரேடியோ மாதிரி. ஆனா நீங்களே பேசணும், நீங்களே பதியணும், நீங்களே வெட்டி ஒட்டணும்."

"நாங்க பேசினா யாரு டீச்சர் கேப்பா?"

"நீங்க பேசுங்கடா மொதல்ல. கேக்குறவன் வருவான்."

கேட்கிறவன் வருவான் என்பது எவ்வளவு பெரிய வார்த்தை என்று அப்போது டீச்சருக்கும் தெரியாது.

பள்ளியின் பழைய பொருள் அறைதான் நம் ஸ்டுடியோ. எதிரொலி விழாமல் இருக்கச் சுவரில் ஒட்டிய முட்டை அட்டைகளை ஞாபகம் இருக்கிறதா? அவற்றைச் சேர்த்துக் கொடுத்தவர் கேன்டீன் நடத்திய அத்தை. கடைசி வீட்டுக்காரியின் அம்மா. லைனில் நாம் எல்லோருக்கும் அவர் அத்தைதான். காலையில் நாசி லெமாக் தேங்காய்ச் சோற்றுப் பொட்டலத்தோடு ஒரு கட்டு அட்டையையும் தூக்கிக்கொண்டு வருவார். "உங்க ரேடியோவுக்காக ஊருக்கே முட்டை பொரிச்சுப் போடுறேன்டா" என்பார். ஆனால் நம் மலை ஈரத்தில் அட்டை எத்தனை நாள் நிற்கும்? பிசின் விட்டு ஒவ்வொன்றாகத் தொங்கியது. பிறகு டீச்சர் தன் கம்பளியைக் கொடுத்தார். அதைத் தலையோடு போர்த்திக்கொண்டு மூன்று பேர் உள்ளே உட்கார்ந்தால், தேங்காயெண்ணெய், சம்பல், நனைந்த கம்பளி எல்லாம் சேர்ந்து ஒரு வாசனை வரும். இப்போதும் மழையில் நனைந்த பிள்ளைகள் வகுப்புக்குள் வந்தால் ஒரு நொடி நான் அந்தக் கம்பளிக்குள் போய்விடுகிறேன்.

கடைசி வீட்டுக்காரிக்குப் 'பனி நிலவரம்'. அவள் குரலில் ஏதோ ஒன்று இருந்தது. சாதாரண விஷயத்தைச் சொன்னாலும் காது நிற்கும். "பனி இப்ப கோயிலத் தாண்டிருச்சு. கேன்டீனப் பாத்து வந்துக்கிட்டு இருக்கு. துணி காயப் போட்டவங்க ஓடுங்க!" என்பாள். எனக்குக் கேள்வி கேட்கிற வேலை. வெட்டி ஒட்டுகிற வேலையும் என்னிடமே வந்தது. என் வீட்டில் அதுவரை யாரும் ஆரம்பப் பள்ளியைக்கூட முடித்ததில்லை. அம்மா கையெழுத்துக்குப் பதிலாகப் பெருவிரலை நீட்டுகிறவர். அப்படிப்பட்ட வீட்டுப் பையனை 'எடிட்டர்' என்று டீச்சர் கூப்பிட்டபோது எனக்குள் என்ன நடந்தது என்று உங்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

'எங்க வீட்டுல ஒருத்தர்' என்பது பெற்றோர் நாளுக்காக டீச்சர் கொடுத்த தலைப்பு. வீட்டில் ஒருவரைப் பற்றி ஒவ்வொருவரும் பேச வேண்டும். கடைசி வீட்டுக்காரி யோசிக்கவே இல்லை. "அண்ணன்" என்றாள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தோட்டத்து வீடு தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கு. வீட்டில் ஒருவராவது வேலையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் வீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். லைனில் நடக்கப் பழகிய பிள்ளைக்கே இது தெரியும். அவள் அப்பா இறந்த பிறகு அண்ணன்தான் தோட்டத்தில் மருந்தடித்து அந்த வீட்டைப் பிடித்துவைத்திருந்தார். மருந்து வாடை அவர் நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கம்போங் ராஜாவில் ஒரு காய்கறித் தோட்டத்துக்குப் பழைய லேண்ட் ரோவர் ஓட்டப் போய்விட்டார். விடியும் முன் போய் இருட்டிய பிறகு வருவார். லைன் முழுக்க அது தெரியும். யாரும் சத்தமாகச் சொன்னதில்லை.

நமக்கும் தெரியும். வகுப்பில் இருந்த ஆறு பேருக்கும். அதனால்தான் நாம் அதை ரகசியம் என்றே நினைக்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்ததைச் சொல்வதில் என்ன இருக்கிறது என்பதுதான் நம் கணக்கு. லைனுக்குள் வாயால் சொல்வதும், ஒலிபெருக்கியில் வருவதும் ஒன்று என்று நினைத்துவிட்டோம்.

பள்ளியில் பக்கத்து வகுப்புச் சத்தம் தொல்லை கொடுத்ததால், சனிக்கிழமை அவள் வீட்டில் எடுக்கலாம் என்று முடிவானது. அதுதான் ஒரு பக்கம் அண்டை வீடு இல்லாத வீடு. டீச்சர் தன் கைத்தொலைபேசியையே என்னை நம்பிக் கொடுத்தார். காற்றுச் சத்தம் விழாமல் இருக்க அதன் முனையில் அந்தச் சிவப்புக் காலுறையில் ஒன்றைக் கழற்றி மாட்டினார். "தொவச்சதுதான்டா, மூஞ்சியச் சுளிக்காத" என்றார்.

அத்தை நமக்காக அடுப்பை அணைத்துவிட்டு ஓரமாக நின்றார். நான் கேட்டேன். "உங்கள் அண்ணன் என்ன வேலை செய்கிறார்?" புத்தகத் தமிழில்தான் கேட்டேன். அவள் அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பதில் வராவிட்டால் அதே கேள்வியை வேறு மாதிரி கேட்க வேண்டும் என்று டீச்சர் சொல்லிக்கொடுத்திருந்தார். நான் நல்ல மாணவன். வேறு மாதிரி கேட்டேன்.

"சரி, அண்ணன் வண்டி எப்படி இருக்கும்?"

அவள் முகம் மாறியதை நீங்களும் பார்த்தீர்கள். அந்த வண்டி என்றால் அவளுக்கு உயிர். "அதுவா? அது காலையில எந்திரிக்கவே எந்திரிக்காது லா. மொதல்ல இருமும். க்ஹெ... க்ஹெ... க்ஹெ... அண்ணன் ஒரு உதை விடும். உடனே டுர்ர்ர்ருனு அழும். கோஸ் மூட்டைய ஏத்திக்கிட்டு கம்போங் ராஜா ஏத்தத்துல வரும்போது ரெண்டாவது கியரப் போட்டா, பன்னிக்குட்டி மாதிரி கத்தும்! போன தீபாவளிக்கு முன்னாலேர்ந்து எங்கண்ணன்தான் அத ஓட்டுது. வேற யாருக்கும் அது அடங்காது."

நாம் விழுந்து புரண்டு சிரித்தோம். எனக்குத் தெரிந்து நாம் எடுத்ததிலேயே அதுதான் சிறந்தது. அன்றும் எனக்கு அது தெரிந்திருந்தது.

பெற்றோர் நாளுக்குக் கோயில் ஒலிபெருக்கியைக் கடன் வாங்கி மாட்டியிருந்தார்கள். முன்வரிசையில் துரை. தோட்டத்துக்குப் புதிதாக வந்த நிர்வாகி, தமிழர், எல்லோரிடமும் சிரித்துப் பேசுகிறவர். பக்கத்தில் நம் கிராணி. தோட்ட அலுவலகக் கணக்கும் ஆள் கணக்கும் அவர் கையில்தான். பின்னால் அத்தை பெரிய தட்டில் மைலோ கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். டீச்சர் அவளுடைய பதிவைத்தான் முதலில் போட்டார். அவர் வெளியூர்க்காரர். வீட்டு விஷயம் அவருக்கு யார் சொன்னார்கள்?

வண்டி இருமியதும் மண்டபமே சிரித்தது. துரை கண்ணில் நீர் வர சிரித்தார். பன்னிக்குட்டி வந்தபோது தொடையில் தட்டினார். ஒலி நின்ற பிறகு, அதே சிரிப்போடு கிராணி பக்கம் திரும்பினார்.

"பொண்ணு பிரமாதம்யா. அண்ணன் நம்ம ஆளா?"

கிராணி எழுந்து நின்றார். ஏன் எழுந்தார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. "நம்ம ஆளாத்தான் இருந்தான், ஐயா."

"இருந்தானா? அப்ப வீடு?"

கிராணி தன் காலணியைப் பார்த்தார். துரையின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. பின்னால் அத்தை தட்டைக் கீழே வைத்த சத்தம் மட்டும் கேட்டது. கடைசி வீட்டுக்காரி இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் கை தட்டுவார்கள் என்று காத்திருந்தாள்.

துரையைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவரே லைனுக்கு வந்தார். "எனக்குத் தெரியாம இருந்திருந்தா வேறம்மா. ஊருக்கு முன்னால கேட்டாச்சு. வேலைக்கு வந்து வீடு கிடைக்காம காத்துக்கிட்டு இருக்கறவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்றார். அத்தை, "மாசக் கடைசிக்குள்ள போயிடுறோம் ஐயா" என்றார்.

வீட்டுச் சாமான் ஏற்ற அதே லேண்ட் ரோவர்தான் வந்தது. உண்மையிலேயே இருமியது. நாம் சிரிக்கவில்லை. அண்ணன் அலமாரியைக் கயிறு போட்டுக் கட்டினார், பிறகு என்னைப் பார்த்தார். "என்னடா ரேடியோக்காரா? இந்தச் சத்தத்தையும் பிடிச்சுக்கிறியா? இனிமே இந்தப் பக்கம் கேக்காது." கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். என் கையில் தொலைபேசி இல்லை. கையை எங்கே வைத்துக்கொள்வது என்றும் தெரியவில்லை.

அவர்கள் ரிங்லெட்டில் ஒரு கடைக்கு மேல் அறை எடுத்துப் போனார்கள். பரீட்சைக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது அவள் வேறு பள்ளி. அத்தைக்குக் கேன்டீனும் போயிற்று. ரிங்லெட்டிலிருந்து விடிகாலையில் எந்தப் பஸ்ஸில் வருவார்?

அந்த வீட்டைப் புதிதாக வந்தவர்களுக்குக் கொடுப்பார்கள் என்றார்கள். கொடுக்கவில்லை. பழுது பார்க்கச் செலவு அதிகம் என்று கூரையைக் கழற்றினார்கள், பிறகு சுவரையும் சாய்த்தார்கள். கடைசி வீடு எங்களுடையதானது. அடுத்த மழைக்காலத்தில்தான் ஒன்று தெரிந்தது. அதுவரை சரிவிலிருந்து வரும் காற்றையும் சாரலையும் அவர்கள் வீடுதான் வாங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பலகைச் சுவர் இனி எங்களுக்கு வெளிச்சுவர். பூஞ்சை பிடித்துக் கறுத்தது. அம்மா வருஷா வருஷம் சுண்ணாம்பு அடிப்பார், அது வருஷா வருஷம் கறுக்கும். நான் படிக்கிற மேசை அந்தச் சுவர் ஓரம்தான்.

நம்மை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கவனித்தீர்களா? டீச்சரைக்கூடச் சொல்லவில்லை. எல்லாம் கிராணி தலையில் விழுந்தது. "அந்த ஆளு வாய மூடிக்கிட்டு இருந்திருக்கக் கூடாதா?" என்று என் அம்மாவே குழாயடியில் சத்தம் போட்டார். அந்தத் தீபாவளிக்குக் கிராணி வீட்டு முறுக்கு நம் லைனில் ஒரு வீட்டிலும் தட்டில் ஏறவில்லை. தானா ராத்தா டவுனில் பாய் கடையில் அவர் உட்கார்ந்திருந்த மேசைக்கு நம் ஆட்கள் யாரும் போகமாட்டார்கள். நானும் அவரைக் காட்டிக்கொடுத்தவர் என்றுதான் நினைத்தேன். அப்படி நினைத்துக்கொள்வது சுகமாக இருந்தது.

இடைநிலைப்பள்ளி விடுமுறையில் ஒருமுறை அப்பாவோடு அந்தச் சுவருக்குத் தகரம் அடித்துக்கொண்டிருந்தேன். பேச்சுவாக்கில் கிராணியைப் பற்றி ஏதோ ஏளனமாகச் சொன்னேன். அப்பா வாயிலிருந்த ஆணிகளை எடுத்துவிட்டுச் சொன்னார்.

"அப்படிச் சொல்லாத. தினம் காலையில ஆள் கணக்கெடுக்கற பெரட்டுல நாங்க நிக்கறப்போ அந்தப் பொண்ணோட அண்ணன் பேரையும் வாசிப்பாரு. நாங்க வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே வந்ததா எழுதிட்டு அடுத்த பேருக்குப் போயிடுவாரு. பொண்ணு ஆறாவது முடிக்கட்டும், அதுவரைக்கும் நான் பாத்துக்கறேன்னு அவருதான் அத்தைகிட்டச் சொல்லி வச்சிருந்தாரு. அவரு வேலைக்கே ஆபத்துடா அது."

"தெரிஞ்சுமா அவரத் திட்டினீங்க?"

"வேற யாரத் திட்டச் சொல்ற? உன்னையா?"

ஆணியைத் திரும்ப வாயில் வைத்துக்கொண்டார்.

பரிசு கிடைத்தது உங்களுக்கு நினைவிருக்கும். டீச்சர் அந்தப் பதிவை ஒரு போட்டிக்கு முன்னமே அனுப்பியிருந்தார். மேடையில் அவள் குரலுக்குக் கிடைத்த கேடயத்தை நான் வாங்கினேன், ஏனென்றால் அவள் நம் பள்ளியில் இல்லை. அந்தச் சான்றிதழைக் காட்டித்தான் எனக்கு விடுதியோடு கூடிய பள்ளியில் இடம் கிடைத்தது. ஆசிரியர் பயிற்சிக்கான நேர்முகத்திலும் பாட்காஸ்ட் கதையைத்தான் சொன்னேன். வண்டி இருமுவது வரைக்கும் சொல்வேன். எல்லோரும் சிரிப்பார்கள். அங்கேயே நிறுத்திக்கொள்வேன்.

ஆம், பதிவு என்னிடம்தான் இருக்கிறது. டீச்சர் மாற்றலாகிப் போகும்போது எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவில் போட்டு எனக்குக் கொடுத்தார். இத்தனை வருஷமும் அதை அழிக்கவும் முடியவில்லை, கேட்கவும் முடியவில்லை. அவள் கேட்ட பிறகு போன ஞாயிறு மதியம் திறந்தேன். இரண்டு கோப்புகள் இருந்தன. ஒன்று மண்டபத்தில் போட்டது. மற்றது நான் வெட்டுவதற்கு முந்தியது. இரண்டாவதைக் கேட்டேன்.

முதலில் மழை. லேசாக, அவர்கள் தகரத்தின் மேல். நம்மில் யாரோ மூக்கை உறிஞ்சுகிறார்கள். பின்கட்டில் குழாய் சொட்டுகிறது. பிறகு என் குரல், கீச்சென்று, "உங்கள் அண்ணன் என்ன வேலை செய்கிறார்?" அமைதி. அந்த அமைதிக்குள் அத்தை பேசுகிறார். அது எனக்கு மறந்தே போயிருந்தது. அடுப்புப் பக்கமிருந்து, அவசரமே இல்லாமல் பேசுகிறார். "வேலையெல்லாம் எதுக்குப்பா ரேடியோவுல? வேற ஏதாவது கேளு. ஆளுக்கொரு டீ ஊத்தட்டா?"

அதற்குப் பதிலாக என் குரல் கேட்கிறது. மரியாதையாக, எடிட்டர் மாதிரி.

"ரெக்கார்டிங் ஓடுது, அத்தை. சத்தம் போடாதீங்க."

"சரி தம்பி. நான் பேசல."

பதிவு முடியும்வரை அவர் பேசவே இல்லை. அவருடைய வீட்டில், அவருடைய சமையலறையில். அந்தப் பேச்சை வெட்டி எடுத்தது நான்தான், தேவையில்லாத சத்தம் என்று.

இந்த இடத்தை வெட்டிவிட்டு அனுப்பிவிடலாம் என்று தோன்றியது. பத்து நொடிகூட ஆகாது, அந்த வேலை எனக்கு இப்போது இன்னும் நன்றாகத் தெரியும். மண்டபத்தில் போட்டதையே அனுப்பலாம், ஒருவருக்கும் வித்தியாசம் தெரியாது. கடைசியில் வெட்டாததைத்தான் அவளுக்கு அனுப்பினேன். கூடவே ஏதாவது எழுத நினைத்து நான்கைந்து முறை எழுதி அழித்தேன். வெறும் கோப்பாகவே போனது.

சாயங்காலம் அவள் அழைத்தாள். "அம்மா கேட்டுச்சு. திரும்பத் திரும்ப அந்த மொத எடத்தையே போடச் சொல்லுது. இந்தா, உங்கிட்டப் பேசணுமாம்" என்று கொடுத்துவிட்டாள். மன்னிப்பு கேட்க நான் ஒரு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன்.

"தம்பி, சாப்பிட்டியா? வாத்தியாராயிட்டியாமே!" என்றார் அத்தை. நான் வாயைத் திறக்கும் முன்னே தொடர்ந்தார். "நம்ம கூரையில மழை கேக்குதுடா. அந்தக் கொழாயும் கேக்குது. சொட்டு சொட்டுனு, ராத்திரியெல்லாம் தூங்க விடாது, இவ அண்ணன்கிட்ட மாத்துடான்னா மாத்த மாட்டான். அந்தக் கொழாய்க்குப் பக்கத்துல நான் ஒரு ரோசாச் செடி வச்சிருந்தேன், உனக்கு ஞாபகம் இருக்கா? உங்கம்மாகூட நடறதுக்குக் குச்சி கேட்டா..."

அத்தை பேசிக்கொண்டே போனார். நடுவில் ஒருமுறை, "என்னப்பா, இருக்கியா? சத்தத்தையே காணோம்" என்றார்.

"இருக்கேன் அத்தை. நீங்க பேசுங்க" என்றேன்.